ஒரு லிட்டர் டீசலின் கணக்கு

“ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இருக்காது. அது எப்படி சார் இரண்டரை கிலோவுக்கு மேல புகையாகும்?”

மண்டபம் ஜெட்டியில் ஒரு விசைப்படகு டிரைவர் கேட்டது இது. நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். அதில் 700 கிராமுக்குச் சற்று மேல் கார்பன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. அப்படித்தான் 2.6 கிலோ கரியமில வாயு வருகிறது. சொன்னதும், “அப்ப முக்கால்வாசி காத்துதானா?” என்றார். அவ்வளவு சரியாக எங்கள் குழுவிலேயே யாரும் அதைச் சொன்னதில்லை.

போக்குவரத்து எரிபொருள்களின் வாழ்நாள் உமிழ்வைக் கணக்கிடும் அரசுக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இன்ஜினில் எரிவதோடு கணக்கு முடியாது. கச்சா எண்ணெய் எடுப்பது, கப்பல், சுத்திகரிப்பு ஆலை, டேங்கர் லாரி எல்லாம் சேர வேண்டும். டீசலைப் பொறுத்தவரை இன்ஜினுக்கு வருமுன்பே வெளியாகிவிடும் இந்தப் பங்கு, எரிவதில் வருவதைப்போல ஐந்தில் ஒன்று முதல் கால் வரை இருக்கும். கடைசியில் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு எத்தனை கிராம் என்று ஓர் எண் வரும்.

கிணறு, கப்பல், ஆலை பற்றிய எண்கள் எல்லாம் அறிக்கைகளில் கிடைத்தன. இந்தக் கரையில் ஒரு படகு ஒரு பாட்டுக்கு, அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய்த் திரும்ப, எவ்வளவு எரிக்கிறது என்பதுதான் எங்கும் இல்லை. வரிவிலக்கு டீசல் வழங்கும் பதிவேடு இருந்தது. ஆனால் அது வாங்கிய கணக்கு, எரிந்த கணக்கு இல்லை.

அதற்கு வழி காட்டியவர் ஒரு வயதான சம்மாட்டி, படகின் சொந்தக்காரர். நான் கொண்டுபோயிருந்த அளவுமானியை அவருடைய படகில் மாட்ட முடியவில்லை; குழாய் பொருந்தவில்லை. “விடுங்க தம்பி” என்று இன்ஜின் அறைக்குள் இறங்கி ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்தார். கத்தியால் வெட்டிய கீறல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கீறலும் கேனால் ஊற்றி ஊற்றிக் குறித்தது. தொட்டி அடியில் குறுகும் என்பதால் கீழே வர வரக் கீறல்களுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போனது. அந்தக் குச்சியை வைத்து, தடைக்காலம் முடிந்த ஜூன் 15-இலிருந்து படகு கிளம்பும்போது ஒரு தடவை, மறுநாள் காலை கரை சேர்ந்ததும் ஒரு தடவை என்று அளந்தோம். எங்கள் கோப்பிலிருந்த எண்களில் நான் முழுசாக நம்பியது அதைத்தான்.

ஒரே படகு, ஒரே கடல், ஆனாலும் எரிந்த அளவு பாட்டுக்குப் பாடு மாறியது. வலை இழுக்கும் நேரம் ஒரு காரணம். வேகம் இன்னொன்று. இந்த மாதிரிப் படகில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் இன்ஜின் கொடுக்க வேண்டிய சக்தி நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதை நான் விளக்கத் தொடங்கியபோது டிரைவர் குறுக்கிட்டார்: “ராத்திரி ரோந்துப் படகு லைட் தெரிஞ்சா மெதுவா வர முடியுமா சார்?” அப்படி வேகமாகத் திரும்பிய ஒரு பாட்டுக்குக் குச்சி காட்டிய அளவைப் பார்த்த பிறகு சராசரி எடுக்கவே எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடலில் எல்லைக்கோடும் ஒரு எரிபொருள் செலவு.

அப்புறம் மாற்று எரிபொருள். படகுகளுக்குக் காட்டாமணக்கு பயோடீசல் சரிப்படுமா என்று பார்க்கச் சொன்னார்கள். 2003-இல் திட்டக் குழுவே பரிந்துரைத்த செடி அது. தரிசில் வளரும் என்று பெயர். சாயல்குடிப் பக்கம் ஒரு நிலத்துக்குப் போனோம். பதிவேட்டில் தரிசு. நேரில் போனால் சீமைக்கருவேலம், ஓரத்தில் ஒரு கரிமூட்டம் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது, நடுவில் ஆடுகள்.

“தரிசுன்னு யாரு சொன்னது? கருவ நெத்து உதிர்ற காலத்துல என் ஆடு இங்கதான் வயித்த ரொப்புது” என்றார் ஆடு மேய்த்த அம்மா.

காட்டாமணக்கு இலையை ஆடு தொடாது. அங்கே அதை நட்டால் அந்த ஆடுகளுக்குத் தீவனம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். மூட்டக்காரர் வேறு காட்டுக்குப் போவார். கரி வாங்கியவர் வேறு எதையாவது எரிப்பார். இந்த உமிழ்வெல்லாம் யார் கணக்கு? 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோள எத்தனாலை வைத்து இதே கேள்வியை எழுப்பினார்கள். 2009-இல் கலிபோர்னியா தன் எரிபொருள் விதியில் மறைமுக நில மாற்றத்தையும், அதாவது இங்கே எரிபொருள் பயிர் வந்ததால் வேறெங்கோ நிலம் மாறுவதையும், சேர்த்துக்கொண்டது. நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் அந்த அம்மா கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சீமைக்கருவேலம் நிலத்தடி நீருக்கு நல்லதில்லை என்று நானும் நினைக்கிறவன்தான். அதற்காக அங்கே ஒன்றுமே இல்லை என்று எழுத முடியாது.

எங்கள் அறிக்கையில் பயோடீசலுக்கு ஒரு எண் இல்லை, ஒரு வரம்பு இருந்தது: ஆட்டையும் மூட்டத்தையும் சேர்க்காமல் இவ்வளவு, சேர்த்தால் இவ்வளவு. கோப்பு திரும்பி வந்தது. ஒரே எண் வேண்டும் என்றார்கள். இரண்டாவது முறையும் திரும்பியது. மூன்றாவது முறை ஒரே எண்ணைக் கொடுத்தேன், அதில் எவையெல்லாம் சேரவில்லை என்று கீழே அரைப் பக்கம் எழுதினேன். அந்தக் குறிப்பைத் தனித்தாளில் வைத்தால் எங்காவது கழன்றுபோகும். அதனால் எண் இருந்த பக்கத்திலேயே, என் கையெழுத்துக்கு மேலே எழுதினேன். கோப்பு அப்படியே மேலே போனது.