புளியங்கொட்டையும் பைத்தானும்: கம்ப்யூட்டரோடு ஆட ஒரு சின்ன விளையாட்டு

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்து அலுத்துப் போனதால், முழுப்பரீட்சை லீவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்த அக்கா மகனை வைத்து ஒரு விளையாட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்டம் இதுதான்: 20 புளியங்கொட்டை. முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார்.

முதல் நாள் கம்ப்யூட்டருக்கு மூளையே வைக்கவில்லை. ரேண்டமாக 1 முதல் 3 வரை ஏதாவது எடுக்கச் சொன்னேன், கொட்டை பூஜ்யம் ஆகும் வரை ஆடு என்று ஒரு வைல் லூப் (திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை), அவ்வளவுதான். இரண்டு கொட்டை மிச்சம் இருக்கும்போது கம்ப்யூட்டர் மூன்றை எடுத்துவிட்டது! மிச்சம் மைனஸ் ஒன்று. பூஜ்யத்தைத் தாண்டிப் போய்விட்டதால் ஆட்டம் முடியவே இல்லை. சரி, இருப்பதற்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்து பையன் மைனஸ் 5 என்று அடித்தான். "கொட்டை கூடிட்டு மாமா!" கழித்தலில் மைனஸைக் கொடுத்தால் கூடத்தானே செய்யும். இன்புட்டில், அதாவது ஆடுபவர் தட்டுவதில், வருவது எழுத்தாகத்தான் வரும், அதை இன்ட் போட்டு எண்ணாக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் வந்த எண் ஆட்டத்துக்குள் அடங்குமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் பத்து ஆட்டத்தில் ஒன்பது அவன்தான். "பொடிப்பய மாதிரில்லா ஆடுது."

மூளை வைக்க வழி தேடி ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவோடு நிஜக் கொட்டையை வைத்து ஆடினேன். நான் மூன்று எடுத்தால் அம்மா ஒன்று, நான் ஒன்று எடுத்தால் அம்மா மூன்று, வரிசையாக நாலு ஆட்டம் தோற்றேன். "ஏல, நாலு நாலா கூறு கட்டிப் பாரு" என்றாள். அதுதான் சூட்சுமம். எதிராளிக்கு எப்போதும் நாலின் மடங்கை விட்டு வைத்தால் அவர் எதை எடுத்தாலும் நாம் அதை நாலாக்கி முடித்துவிடலாம். பைத்தானில் இது ஒரே வரி: மிச்சத்தை நாலால் வகுத்து மீதி வருவதை எடு, மீதி பூஜ்யம் என்றால் ஏதாவது எடு.

மறுநாள் காலையில் பையன் முதலில் ஆடினால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் முகம் சுண்டிவிட்டது. இது நிம் என்ற பழைய ஆட்டத்தின் வகை. 1940-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் நிம் ஆட ஒரு இயந்திரத்தையே வைத்திருந்தார்கள், அது சட்டென்று பதில் சொல்லி ஆடுபவர்களைக் கூச வைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே தாமதம் வைத்தார்களாம். நானும் ஒரு விநாடி சும்மா நிற்கச் சொல்லும் ஸ்லீப் கட்டளையைப் போட்டேன், யோசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆனால் தோல்வி தோல்விதானே.

அதனால் மறதி சேர்த்தேன். ஐந்தில் ஒரு தடவை சூட்சுமத்தை விட்டுவிட்டு ரேண்டமாக எடுக்கும். இதிலும் ஒரு அசட்டுத்தனம்: மூன்று கொட்டை கிடக்கும்போது மறந்துபோய் ஒன்றை எடுத்தது, பையன் உருண்டு உருண்டு சிரித்தான். ஆகவே நாலுக்குக் கீழே வந்தால் மறதி கிடையாது. அப்படிப் பார்த்தால், அவன் முதலில் ஆடும் ஆட்டத்தில் மறதிக்கு இடம் உள்ள முறைகள் நாலு. நாலிலும் மறக்காமல் ஆடுவது ஐந்து ஆட்டத்தில் இரண்டு அளவுக்குத்தான். மறந்து எடுப்பதும் சில நேரம் சரியாகவே அமைந்துவிடும், அது அதன் அதிர்ஷ்டம்.

ஊருக்குப் போனவன் நேற்று போன் போட்டான். "மாமா, கொட்டைய 23 ஆக்குங்க. நான்தான் மொதல்ல." ஆக்கி அனுப்பினேன், முதல் கையிலேயே மூன்றை எடுப்பான் என்று தெரிந்தேதான்.