ஐப்பசிக் குறிப்புகள்: மூலனூர்ப் பக்கம்

12 அக்டோபர் 2025, ஞாயிறு, திருப்பூர்

தீபாவளி நெருங்கிவிட்டால் திருப்பூருக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. ஊருக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதற்குள் பீஸ் முடிய வேண்டும் என்று எங்கும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. காலை ஆராதனை நேரத்தில் நான் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி வேதத்தைத் திறந்தால் யாத்திராகமம் 34. ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்பது தெரிந்த கட்டளைதான். ஆனால் 21-ம் வசனம் அதோடு நிற்கவில்லை. விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்கிறது. வேலை தலைக்கு மேல் கிடக்கிற மாதங்களைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். விவசாயிக்குச் சொன்னது என்று தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

18 அக்டோபர், சனி

மாமா வீட்டுக்கு வந்துவிட்டேன். காங்கேயம், வெள்ளகோவில் வழியாக மூலனூர். வழியெல்லாம் மழை. காங்கேயத்தில் தேங்காய்க் களங்களில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கொப்பரைக்காரர்களுக்கு ஆகாத மழை, காட்டுக்காரர்களுக்கு ஆன மழை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. டிசம்பரில் இங்கிருந்து கேக் போகும். நான் பாதி நாளைத் தூங்கியே கழித்தேன். எழுப்பப் போன மாமாவை அத்தை தடுத்தது காதில் விழுந்தது: "தூங்கட்டும் உடுங்க."

உபவாசம், ஜெபம், சங்கீதம் என்று பெரிய திட்டத்தோடுதான் வந்தேன். ஆனால் 1 இராஜாக்கள் 19-ல் எலியா, "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்கப்புறம்தான். இங்கே அத்தை வைத்தது அரிசியும்பருப்புச் சாதம், மேலே நெய்.

22 அக்டோபர், புதன்

மழை விட்டதும் மாமாவோடு கொறங்காட்டுக்குப் போனேன். மற்ற ஊர்க்காரர்களுக்காக: காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு இந்தப் பெயர். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்ளவேல மரம். இந்தக் காய்ந்த பூமியில் காங்கேயம் மாடுகள் நின்று நிலைத்ததற்கு இதுதான் ஆதாரம்.

புல் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. மாடுகளோ கட்டுத்தறியில் காய்ந்த சோளத்தட்டு தின்றுகொண்டிருக்கின்றன. வேலிப் படலைச் சாத்தி வைத்திருக்கிறார் மாமா. இவ்வளவு பச்சை இருந்தும் ஏன் மாமா என்றேன்.

"புல்லு வெதை கீழ விழுகோணும் கண்ணு. இப்பவே மாட்டை உட்டா அடுத்த வருசம் வெறுங்காடுதான்."

லேவியராகமம் 25-ஐ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆறு வருஷம் விதைத்த நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு. இஸ்ரவேலர் அதைக் கொடுக்காமல் விட்ட கணக்கு 2 நாளாகமம் 36-ல் தீர்கிறது. ஜனங்கள் பாபிலோனில் சிறையிருந்த 70 வருஷமும் பாழாய்க் கிடந்த தேசம் தன் ஓய்வை எடுத்துக்கொள்கிறது. கொடுக்காவிட்டால் தானே பிடுங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. எங்கள் செக்‌ஷனில் ஒரு அக்கா போன வருஷம் சீசன் நடுவில் மயங்கி விழுந்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். அவருக்கும் ஓய்வு கிடைத்தது, இந்த வழியில்.

படல் சாத்தியிருப்பதால் அங்கே வேலை நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதிர் முற்றுகிறது, மணி உதிர்கிறது, ஈரம் இறங்குகிறது. மாமா செய்ய வேண்டியது கை வைக்காமல் இருப்பது மட்டும். அது அவருக்கும் லேசில்லை, தட்டு விலை அப்படி.

26 அக்டோபர், ஞாயிறு

ஊர்க் கோயிலில் ஆராதனை. போதகர் ஐயர் வேறு சபைக்குப் போயிருந்ததால் உபதேசியார் நடத்தினார். சங்கீதம் 65 வாசித்தார்: "வருஷத்தை உம்முடைய நன்மையால் முடிசூட்டுகிறீர்." மழைக்கு நன்றி சொல்லி ஆளாளுக்கு ஜெபித்தார்கள். ஒரு பாட்டி அவர் ஆட்டுக்குட்டிகளுக்காகவும் நீளமாக ஜெபித்தார். பிரசங்கம் நீளம்தான். கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.

2 நவம்பர், ஞாயிறு, திருப்பூர்

ஊர் இன்னும் பாதி காலி. வந்திருக்கிற ஆட்களை வைத்து லைன் ஓட்டுகிறார்கள். "இன்னைக்கு வர முடியுங்களா" என்று காலையிலேயே போன். ஞாயிற்றுக்கிழமை இனி வருவதற்கில்லைங்க, திங்கள் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சரிங்க."

தொடர்ந்து சரி என்பார்களா, தெரியாது. டிசம்பர் ஷிப்மெண்ட் வரும்போது பார்க்க வேண்டும். கோயிலில் அறுப்பின் பண்டிகைக்குப் பேர் எழுதினார்கள். காணிக்கையாகக் கொடுக்க எனக்கு ஏது தோட்டம்? அத்தை கட்டிக் கொடுத்த கொள்ளில் ஒரு படி தருவதாகச் சொல்லியிருக்கிறேன். காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது அதை யார் எடுத்தாலும் ரசம் வைத்துவிட்டு எனக்கும் ஒரு தம்ளர் தர வேண்டும்.