எங்கள் கிளையிலும் யோசனை கேட்டார்கள்

2019 ஆகஸ்டில், பொதுத்துறை வங்கிகள் கிளைகளில் தொடங்கி யோசனை கேட்டு மாநில அளவுக்கும் அப்புறம் தேசிய அளவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று மத்திய நிதித்துறை சொல்லியிருந்தது. 17ஆம் தேதி சனிக்கிழமை, கணக்கு முடித்துவிட்டு ஒன்பது பேரும் மேலாளர் அறையில் உட்கார்ந்தோம். குறிப்பெடுக்கும் வேலை எனக்கு.

மேலாளர் சுற்றறிக்கையை வாசித்தார். இந்தியாவை 5 லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாக்கும் அரசின் இலக்குக்கு நாம் என்ன செய்யலாம்? யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுடையது நகைக்கடனும் பென்ஷனுமாக ஓடுகிற சிறிய ஊர்க் கிளை. கொஞ்ச நேரம் பார்த்தவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, நம்மகிட்ட வர்றவங்க எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறாங்க?" என்றார்.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "மாசம் முதல் வாரம் வயசானவங்க நகைக்கடன் வரிசையிலேயே நிக்கிறாங்க சார், தனியா பிரிச்சு விடுங்க" என்றார் கடைநிலை ஊழியர். நகை மதிப்பீட்டாளர் கமிஷனுக்கு வருபவர், ஊழியர் பட்டியலில் இல்லை. அவரையும் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. கணக்கில் பழைய கைபேசி எண் கிடப்பதால் குறுஞ்செய்தி போய்ச் சேருவதில்லை, ஏல நோட்டீஸ் கையில் வந்த பிறகுதான் கடன் தவணை தாண்டிப்போனதே பலருக்குத் தெரிகிறது என்று அவர் சொன்னதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பதினொரு யோசனைகள் எழுதினேன். ஆனால் மேலே அனுப்ப வேண்டிய படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. பென்ஷன் வரிசையும் கைபேசி எண்ணும் 'வாடிக்கையாளர் சேவை மேம்பாடு' என்ற ஒரே வரிக்குள் போயின. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 30 அன்று, பத்து வங்கிகள் நான்காக இணையும் என்று அறிவிப்பு வந்தது. இணைப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு, ஆனால் எங்களிடம் வந்த கேள்விகளில் அது இல்லவே இல்லை. மறுநாள் கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்த்தோம்.

பென்ஷன்காரர்களுக்குத் தனி கவுன்டர் மட்டும் அடுத்த மாதமே வந்துவிட்டது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மற்றவற்றுக்குப் பதிலே வரவில்லை.

இப்போது வேறு கிளையில் நானே மேலாளர். போன வருடம் எட்டு யோசனைகளை மேலே அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டுத் திரும்பத் திரும்ப நினைவூட்டினேன். மூன்றுக்கு வந்தது, அதில் ஒன்று முடியாது என்று, காரணத்தோடு. அதையும் எல்லார் முன்பும் வாசித்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பதினான்கு யோசனைகள் வந்தன.