டேலியா பெரிதாகப் பூக்க

25 செ.மீ. அகலத்துக்கு டேலியா பூக்க வேண்டுமென்றால் முதலில் ராட்சத ரகக் கிழங்கு வேண்டும். சிறு ரகத்தை எந்த உரமும் அந்த அளவுக்குக் கொண்டுவராது. கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் சரி, தண்டோடு சேரும் கழுத்தில் முளைக்கண் இல்லையென்றால் முளைக்காது.

10–15 செ.மீ. ஆழத்தில் கிடத்தி மூடுங்கள். செடிக்குச் செடி 90 செ.மீ. இடைவெளி. செடியைத் தாங்கும் கொம்பை அப்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடும். மண்ணில் ஈரம் இருந்தால் முளை தெரியும்வரை தண்ணீர் வேண்டாம், அழுகிவிடும்.

நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளி, வலுவான மூன்று நான்கு தண்டுகளை மட்டும் விடுங்கள். அடுத்தது பலருக்கும் மனம் வராத வேலை. தண்டு நுனியில் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்து வரும். பட்டாணி அளவிலேயே பக்க மொட்டு இரண்டையும் கிள்ளி, நடு மொட்டை மட்டும் விட வேண்டும். கீழே இரண்டு மூன்று கணுக்களின் பக்கத் துளிர்களும் போகட்டும். தள்ளிப்போட்டால் பூ சிறுத்துவிடும்.

மொட்டு கட்டியபின் யூரியாவைத் தொடவே வேண்டாம். இலை தழைக்கும், தண்டு வலுவிழந்து பூ கவிழும், அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கும் கிழங்கும் சீக்கிரம் கெடும். பொட்டாஷ் கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிர் இந்தச் செடிக்கு வரம். சமவெளியில் குளிர்காலத்தில் மட்டும் முயலலாம்.