சிரிப்பு அடங்கட்டும், அப்புறம் பெயர்

எங்கள் ஜாஸ் குழு சின்னது: டிரம்பெட், சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ், பியானோ. பியானோ நான். மேடையில் மற்றவர்களை அறிமுகம் செய்வதும் என் வேலைதான், வாசிப்புக்கு மெனக்கெடுவது போலவே அதற்கும் மெனக்கெடுகிறேன். நாங்கள் வாசித்த பாட்டின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆனால் வாசித்தவரின் பெயர் தெரியாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

அறிமுகத்துக்காகப் பாட்டை நிறுத்த மாட்டோம். நான்கு பார், அதாவது நான்கு தாளக் கட்டு, நீளமுள்ள ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்போம், வேம்ப் என்று சொல்வது இதைத்தான். டிரம்மர் குச்சிகளை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பார், சத்தம் இறங்கும், என் இடது கை வாசிப்பைப் பார்த்துக்கொள்ள நான் மைக் பக்கம் சாய்வேன். ஒரு சுற்றுக்குள் நகைச்சுவை முடிந்துவிட வேண்டும், அடுத்த சுற்று முழுக்கச் சிரிப்புக்கு, அதற்கடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் பெயர். அவசரப்பட்டுச் சிரிப்புக்கு நடுவில் பெயரைச் சொன்னால் அது முன்வரிசைக்குக்கூடக் கேட்காது.

பாஸ் கலைஞரைப் பற்றி இப்படிச் சொல்வேன்: "மாலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார், இன்னும் நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை." பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு சுரம் என்று விடாமல் போவதைத்தான் ஜாஸில் வாக்கிங் பாஸ் என்கிறோம். அதைத் தெரிந்தவர்கள் உடனே சிரிப்பார்கள். தெரியாதவர்கள் அவருடைய வலது கை விரல்களைப் பார்ப்பார்கள், பார்த்தபின் பாஸைக் கேட்க ஆரம்பிப்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான். இசைக்காரர்களுக்குள் பாஸ், டிரம்ஸ் வாசிப்பவர்களை மட்டம் தட்டும் ஜோக்குகள் ஏராளம். மேடையில் அவற்றைத் தொடவே மாட்டேன். உடம்பு, வயது, குடும்பம் பற்றியும் கிடையாது, அதில் வரும் சிரிப்பால் வாசிப்புக்கு ஒரு பயனும் இல்லை.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இதில் பெரிய ஆள். குழுவினரை அறிமுகம் செய்யப்போகிறேன் என்று சபைக்குச் சொல்லிவிட்டு, அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து கைகுலுக்க வைப்பார். யாரும் புண்படாத, குழு முழுக்கச் சேர்ந்து நடிக்கிற வேடிக்கை. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1950-களில் நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பில் அறிவிப்பாளராக இருந்தவர், தனக்குக் காசு கொடுக்காத கலைஞர்களின் பெயரை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார் என்று அங்கே வாசித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு இரவு முழுக்க ஊதியவனுக்குச் சேரவேண்டியதில் பாதி அந்தப் பெயர்தான். மாற்று ஆளாக ஒருவர் கடைசி நேரத்தில் வந்தால்கூட, பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதி நோட்ஸ் ஸ்டாண்டில் வைத்துக்கொள்வேன்.

சாக்ஸபோன் வாசிப்பவர் மேடையேறும் முன் ரீடை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே இருப்பார், ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் அந்த மெல்லிய பட்டை நாணலில் செய்தது, காய்ந்திருந்தால் சரியாகப் பேசாது. "வாயில் எப்போதும் நாணல், அதனால் இவரிடம் நேராகப் பதில் வாங்க முடியாது" என்பேன். உடனே சாக்ஸபோனில் ஒரு சின்ன மறுப்பு வரும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. அந்த மறுப்புக்குத்தான் பெரிய கைதட்டல். டிரம்மருக்கு ஒரே வரி போதும்: "எங்களுக்கு முன்னால் வந்து, எங்களுக்குப் பின்னால் வீட்டுக்குப் போகிறவர், ஆனால் பாட்டுக்குள் மட்டும் சரியான நேரத்துக்கு வருவார்."

எந்த வரியானாலும் சவுண்ட் செக்கின்போதே சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுவேன், வேண்டாம் என்றால் அதோடு சரி. டிரம்பெட் வாசிப்பவர் குழாயில் சேரும் தண்ணீரை அடிக்கடி தரையில் வடிப்பதை வைத்து ஒன்று யோசித்திருந்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அது பெரும்பாலும் மூச்சின் ஈரம்தான், ஆனால் எச்சில் என்று நினைத்து ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்றார். நியாயம்தானே. இப்போது அவருக்கு வேறு வரி, டிரம்பெட்டின் வாயில் செருகிச் சத்தத்தைக் குறைக்கும் மியூட்டை வைத்து: "ஒரு டிரம்பெட், நான்கு மியூட். நான்கும் பக்கத்து வீட்டுக்காரர்களின் அன்பளிப்பு." அவரே ஒரு மியூட்டைத் தூக்கிக் காட்டுவார், சிரிப்பு அடங்கும், பெயரைச் சொல்வேன், அதே மியூட்டைச் செருகிக்கொண்டு கடைசி சோலோவைத் தொடங்கிவிடுவார்.