ஹீட்டர் போட்டாலும் ஒழுகுது, போடாவிட்டாலும் ஒழுகுது

ஊட்டிக்கு வந்த இரண்டாம் நாள் காலை, சாக்ஸ் போட்ட காலோடு கட்டிலை விட்டு இறங்கிய வீட்டம்மா "ஏங்க, இங்க ஈரமா இருக்குங்க" என்றாள். நான் கம்பளியை விலக்காமலே "பனியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அந்த ஒரு சோம்பல் எனக்கு நான்கு நாள் வேலை வைத்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து, கட்டில், சின்ன அடுப்படி, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்ப் என்று வீடு மாதிரி மாற்றியது. கட்டிலுக்கு அடியில் 10 லிட்டர் வாட்டர் ஹீட்டர், அதாவது கீசர். அது 2 கிலோவாட் தின்னும் என்பதால் பேட்டரியில் ஓடாது. ஹோம்ஸ்டே வாசலில் நிறுத்தி அவர்கள் கரண்டை இழுத்தால்தான் சுடுதண்ணீர். மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி, குன்னூர் தாண்டி ஊட்டி வந்து சேரும்வரை ஒரு தொல்லையும் இல்லை.

ஜனவரி மாதம், மழை இல்லை, அதனால் கூரை ஒழுகவில்லை என்பது மட்டும் நிச்சயம். முதல் சந்தேகம் நம் மூச்சுக்காற்றின் மேல்தான். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், மூடிய தகர வண்டிக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டு, டீயும் போட்டால், காலையில் கண்ணாடியிலிருந்தும் தகரத்திலிருந்தும் தண்ணீர் வழியத்தான் செய்யும். சரி என்று அன்றிரவு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்தோம். ஜன்னல் கண்ணாடி காய்ந்துதான் இருந்தது, நாங்கள் இருவரும் விறைத்துப் போயிருந்தோம், கட்டிலடியில் ஈரம் அப்படியே இருந்தது. சிங்க் பைப்பையும் பார்த்தாச்சு, அது சுத்தம்.

அப்புறம்தான் கட்டில் பலகையைக் கழற்றினேன். கீசருக்குக் குளிர்ந்த தண்ணீர் வரும் பக்கம், அழுத்தம் மீறினால் தண்ணீரை வெளியே விட இருக்கும் பித்தளை ப்ரஷர் வால்விலிருந்து, ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம். வீடியோ எடுத்து நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டதும் ஒரு அறிவாளி, "ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும், அதான் வால்வ் தள்ளுது" என்று விளக்கம் கொடுத்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திறந்த பாத்திரத்துக்குத்தான் அந்தக் கணக்கு. கீசருக்குள் தண்ணீர் பம்பின் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, என் தெர்மோஸ்டாட்டோ 65 டிகிரியில் கட் ஆகிவிடும், அதில் கொதிப்பு எங்கிருந்து வரும்? ஊட்டியில் பருப்பு வேக நேரமாவதற்கு அந்த விளக்கம் பொருந்தும், கீசருக்குப் பொருந்தாது. வால்வ்தான் கெட்டுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, டவுனில் ஹார்டுவேர் கடையில் 8 பார் அழுத்தத்தில் திறக்கும் புது வால்வ் வாங்கி, டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி மாட்டினேன். ஹீட்டர் போட்டேன். புது வால்விலிருந்தும் சொட்டியது.

கோபத்தில் அதற்கப்புறம் அன்று ஹீட்டரையே போடவில்லை, ப்ளக்கையும் பிடுங்கியாச்சு. ராத்திரி இரண்டு மணி இருக்கும், எந்தக் குழாயும் திறக்காமலே பம்ப் "டுர்ர்" என்று ஒரு நொடி ஓடி நின்றது. பைப்பில் அழுத்தம் குறைந்தால்தான் அது தானாக ஓடும். அரை மணி கழித்து மறுபடி. காலையில் மறுபடியும் ஈரம். போட்டாலும் ஒழுகுது, போடாவிட்டாலும் ஒழுகுது என்றால் மனிதன் என்னதான் செய்வது!

மறுநாள் கோத்தகிரிக்குப் போய்விட்டோம். அங்கே ஈரம் இடம் மாறியது. ஊட்டியில் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது, இங்கே அடுப்படிப் பெட்டிக்குக் கீழே வந்துவிட்டது. இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டதா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் சாதாரணமானது, மலையில் சமதளம் எங்கே இருக்கிறது? ஊட்டியில் வண்டி பின்பக்கம் சாய்ந்து நின்றது, கோத்தகிரியில் இடப்பக்கம். தண்ணீர் பள்ளம் பார்த்துப் போய் நின்றிருக்கிறது, ஈரமான இடத்தை வைத்து ஓட்டையைத் தேடிய நான்தான் முட்டாள்.

ஹோம்ஸ்டேக்காரர் அனுப்பிய ப்ளம்பர் அறுபது வயதுக்காரர், குல்லாவும் ஸ்வெட்டருமாக வந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை. "எப்ப சொட்டுது சார்?" என்றார். எப்பவும்தான் என்றேன். "எப்பவும்னு ஒண்ணு கிடையாதுங்க. சூடாகும்போதா, ஆறினப்புறமா?" வால்வ் கதை, ராத்திரி பம்ப் கதை எல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, "வால்வ் சும்மா இருந்ததுங்களே, அதை ஏன் மாத்துனீங்க?" என்றார்.

அவர் சொன்னதை வைத்து அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 டிகிரி தண்ணீரை 65-க்குக் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 2 சதவீதம் பெருகும், 10 லிட்டருக்கு அது 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து வரும் லைனில் தடுப்பு வால்வ் இல்லையென்றால் அந்த ஒரு டம்ளர் தொட்டிப் பக்கமே திரும்பிவிடும். வண்டியில் பம்ப் அதைத் திரும்ப விடாது, எல்லாப் பக்கமும் அடைப்பு. அப்போது வால்வ் திறந்து வெளியே விட்டால்தான் கீசர் பிழைக்கும். இன்னொன்று, என் பம்ப் 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் வந்ததும் நின்றுவிடும், வால்வ் திறப்பதோ 8 பாரில், அதாவது அதைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில். ஆகவே வால்வ் சொட்டுவதால் பம்ப் ஓட வாய்ப்பே இல்லை. ராத்திரி பம்ப் ஓடியதென்றால் வேறு எங்கோ, அதுவும் கீசர் ஆறிய பிறகு, தண்ணீர் போகிறது. ஒழுகல் இரண்டு, நான் ஒன்றாக நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கே என்று கண்டுபிடிக்க அவர் கேட்டது பவுடர். டாஷ்போர்டில் பழனி விபூதிப் பொட்டலம் இருந்தது, நான் கையை நீட்டுவதற்குள் வீட்டம்மா முறைத்த முறைப்பில் கையை இழுத்துக்கொண்டேன், அவளே தன் முகப்பவுடர் டப்பாவைக் கொடுத்தாள். இணைப்புகள் எல்லாவற்றையும் துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் காயவிட்டு, பவுடரைத் தூவி, பம்பை ஆனில் விட்டு, ஹீட்டரை மட்டும் போடாமல், "காலையில வர்றேங்க" என்று கிளம்பிவிட்டார்.

காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், பவுடர் மேல் எறும்பு வரிசை போல ஒரு கோடு. கீசரின் பின்பக்கம், சுவரோடு ஒட்டி, கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்த சுடுதண்ணீர் பைப்பின் இணைப்பிலிருந்து கிளம்பி, கீசரின் முதுகு வழியாக இறங்கித் தரைக்கு வந்திருந்தது. போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துதான் பார்க்க முடிந்தது. பித்தளை சாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் மரையை முறுக்கி வைத்திருக்கிறார்கள். சூட்டில் பித்தளையைவிட பிளாஸ்டிக் அதிகம் பெருகும், அதனால் ஹீட்டர் ஓடும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். ராத்திரிக் குளிரில் சுருங்கினால் இடைவெளி விழும். சமவெளிச் சூட்டில் இது தலைகாட்டாததில் ஆச்சரியம் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆடும்போது வளைந்து கொடுக்காத அந்த நேர் பைப் தன் ஆட்டத்தையெல்லாம் இந்த ஒரு மரையில் இறக்கியிருக்கிறது.

ப்ளம்பர் பித்தளை நிப்பிள் போட்டு, டெஃப்லானை ஒதுக்கிவிட்டு சணல் சுற்றி, இரண்டு பக்கமும் வளையும் ஓஸ் மாட்டினார். நாற்பது நிமிட வேலை. ப்ரஷர் வால்வின் வாயில் ஒரு குழாய் மாட்டி, தரையில் துளை போட்டு வண்டிக்கு அடியில் விட்டார், அதை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பட்டறையில் இந்தக் குழாயை ஏன் விடவில்லை என்று கேட்க போனை எடுத்தேன், பிறகு ப்ளைவுட்டை வெயிலில் காயவைக்கும் வேலை இருந்ததால் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பம்ப் ராத்திரியில் ஓடவில்லை. இப்போது தினமும் காலை ஹீட்டர் போட்டதும் வண்டிக்கு அடியில் கொஞ்சம் சொட்டும். அந்த வழியாகப் பால் வாங்கப் போகிறவர்களில் யாராவது ஒருவர் நின்று, கண்ணாடியைத் தட்டி, "சார், வண்டி ஒழுகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.