கால் இல்லாத மேசைப் பலகை

சென்னையில் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகப் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் விவரப் படிவம், தயாரித்து வருகிறேன். மேசை நாற்காலி இறக்குமதி செய்ய வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, "ஃபர்னிச்சருக்கு எச்.எஸ். கோடு என்ன சார்?" என்பதுதான். ஒரே எண்ணில் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்றால், "சப்ளையர் இன்வாய்ஸிலேயே 9403 என்று போட்டிருக்கிறாரே" என்று காகிதத்தைக் காட்டுவார்கள். அந்தக் காகிதத்தை நம்பி நானும் ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் வந்த சிக்கலை ஒட்டியே இந்த வகைப்பாட்டைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

சரக்குகளை எண்ணிட்டு வகைப்படுத்த உலகச் சுங்க அமைப்பு பராமரித்துவரும் எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) அட்டவணை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் அதை ஏற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது. இந்தியா 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதை எட்டு இலக்கமாக நீட்டி வைத்திருக்கிறது. அறைகலன்களுக்கு உரியது 94ஆம் அத்தியாயம். அதில் 9401 இருக்கைகள், 9402 மருத்துவமனைச் சாமான்களும் முடிதிருத்தும் கடை நாற்காலியும், 9403 மற்ற அறைகலன்கள், 9404 மெத்தை, தலையணை வகைகள். இதோடு முடிந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். அத்தியாயத்தின் தலையில் அச்சிட்டிருக்கும் குறிப்புகளில்தான் உண்மையான சட்டம் இருக்கிறது. இறக்குமதியாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததே இல்லை.

நான் சொல்லும் சரக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மேசை நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன மூவார் நகரத்திலிருந்து வந்த ஒரு நாற்பதடி கன்டெய்னர். உள்ளே சோபாக்கள், சாப்பாட்டு மேசைகள், அவற்றுக்கான நாற்காலிகள், சுவரில் மாட்டும் அலமாரித் தட்டுகள், மர ஸ்டாண்டில் நிற்கும் ஆளுயரக் கண்ணாடிகள், சலவைக்கல் பலகை போட்ட சென்டர் டேபிள்கள். இன்வாய்ஸில் எல்லாப் பொருளுக்கும் 9403. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்துள்ள வணிக ஒப்பந்தத்தின் கீழ் சலுகை வரி கேட்பதற்காக இணைத்திருந்த பிறப்பிடச் சான்றிதழிலும் அதே எண். அலுவலகத்துப் பையன் அப்படியே தட்டச்சு செய்தான். நான் பேக்கிங் லிஸ்ட்டை வரி வரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

சுங்க அதிகாரியின் முதல் கேள்வி சோபாவில் வந்தது. உட்காரச் செய்த எதுவும் 9403க்குப் போகாது. அது 9401. இரவில் விரித்துக் கட்டிலாக்கிக்கொள்ளும் சோபாவும் அங்கேதான் என்று அந்தத் தலைப்பின் வாசகமே சொல்லிவிடுகிறது. இருக்கை என்று முடிவான பிறகு சட்டகம் மரமா, உலோகமா என்றும், அப்ஹோல்ஸ்டரி உண்டா, இல்லையா என்றும் பார்க்க வேண்டும். மரச்சட்டகத்தில் மெத்தை வைத்துத் தைத்தது 9401.61, தைக்காதது 9401.69. சாப்பாட்டு மேசையை ஒரு வரியிலும் அதன் நாற்காலிகளை இன்னொரு வரியிலும் நாங்கள் காட்டுவது இதனால்தான். கடையில் 'டைனிங் செட்' என்று ஒரே விலையில் விற்பதை வைத்து ஒரே வரியில் எழுதிவிட்டால் கேள்வி வரும்.

இந்த அப்ஹோல்ஸ்டரி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்கள் சோபாக்களில் ஒரு மாடல் வெறும் மரச்சட்டகமாக இருந்தது. உட்காரும் இடத்தில் நாலைந்து குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். குஷன்களைத் தனியாக பாலித்தீன் பையில் கட்டி அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். குஷன் சட்டகத்தோடு தைக்கப்படவில்லையே, இதை 'தைக்காத இருக்கை' என்று போடலாமா என்று பையன் கேட்டான். எச்.எஸ். விளக்கக் குறிப்புகள் இதற்கு ஓர் அளவுகோல் தருகின்றன: கழற்றக்கூடிய குஷனோடு வரும் இருக்கை, அந்தக் குஷன் இல்லாமல் பயன்படுத்த முடியாததாக இருந்தால், அப்ஹோல்ஸ்டரி செய்த இருக்கையாகவே கொள்ள வேண்டும். குறுக்குச் சட்டத்தின் மேல் வெறுமனே உட்கார யாராலும் ஆகாது. ஆகவே அது 9401.61. அதே குஷன் சோபா இல்லாமல் தனியாக வந்திருந்தால், எந்த சோபாவுக்காகச் செய்தது என்று நிரூபித்தாலும் 9401க்குப் போகாது. தனியாக வரும் மெத்தையையும் குஷனையும் இருக்கையின் பாகமாகக் கொள்ளக் கூடாது என்று மூன்றாவது அத்தியாயக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. அவை 9404.

இரண்டாவது குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 9401 முதல் 9403 வரையுள்ள தலைப்புகளில் ஒரு பொருள் சேர வேண்டுமானால், தரையில் வைப்பதற்காகச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொங்குவதிலும் சுவரில் பொருத்துவதிலும் அலமாரி, புத்தக அடுக்கு, தட்டுகள் உள்ள சாமான், யூனிட் ஃபர்னிச்சர், இருக்கை, கட்டில் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே தாங்கிகளோடு வந்த எங்கள் சுவர்த் தட்டு 9403லேயே நின்றது. தரையில் நிற்கும் மரக் கோட் ஸ்டாண்டும் 9403. ஆனால் அதே மரத்தில், அதே பட்டறையில் செய்த, சுவரில் அறையும் கோட் மாட்டி 94ஆம் அத்தியாயத்தை விட்டே வெளியேறி 4420க்குப் போகிறது. இரும்பில் செய்திருந்தால் 8302. பொருளின் பெயரும் பயனும் ஒன்றாகவே இருக்க, கால் ஊன்றுகிறதா, ஆணியில் தொங்குகிறதா என்பதைக்கொண்டு எண் மாறிவிடுகிறது. நம் வீட்டு ஊஞ்சல் போலத் தொங்கும் இருக்கையை இந்தக் குறிப்பு மறக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்டதைப் படிக்கும்போதெல்லாம், இதை எழுதியவர்கள் எவ்வளவு வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள் என்று தோன்றும்.

ஆளுயரக் கண்ணாடி தரையில் நின்றாலும் அறைகலன் ஆகாது. முதல் குறிப்பே அதை வெளியேற்றி 7009இல் வைக்கிறது.

இனி சலவைக்கல்லுக்கு வருகிறேன். அதற்காகத்தான் கன்டெய்னரை சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் திறந்து பார்க்க உத்தரவு வந்தது. சென்டர் டேபிள் முப்பது என்று இன்வாய்ஸ் சொன்னது. அட்டைப்பெட்டிகளில் கால்களும் சட்டங்களும் பிரித்து அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பையில் திருகாணிகளும் ஓர் ஆலன் கீயும் ஒட்டியிருந்தன. கல் பலகைகள் மட்டும் மரக்கூட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்தப்பட்டு, இடையிடையே நுரைத்தாள் செருகப்பட்டிருந்தன. அதிகாரி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பது. "கால் முப்பது, பலகை நாற்பதா?" என்று கேட்டார். இறக்குமதியாளர் ஒளிக்கவில்லை. கப்பலில் கல் உடைந்துவிடும் என்பதால் பத்து உபரியாகச் சொல்லியிருந்தார். அதற்கான விலையும் மொத்தத் தொகைக்குள் இருந்தது. தனி வரியாக எழுதாததுதான் குறை.

அட்டவணையை விளக்குவதற்கான பொது விதிகளில் 2(அ) என்ற விதி, பிரித்துக் கட்டி வரும் பொருளை முழுப் பொருளாகவே கருதச் சொல்கிறது. ஆகவே முப்பது கால் செட்டும் முப்பது பலகையும் சேர்ந்து, ஒரு திருகாணி கூட முடுக்கப்படாமலே, முப்பது மேசைகள் ஆகிவிட்டன. மிஞ்சிய பத்துப் பலகைகளின் கதை வேறு. மேசையின் பாகம்தானே, பாகத்துக்கும் 9403இல் இடம் உண்டே என்று நான் வாதாடிப் பார்த்தேன். அதிகாரி மூன்றாவது குறிப்பை எடுத்து வைத்தார்: கண்ணாடி, சலவைக்கல் போன்றவற்றின் பலகைகள், அளவுக்கு வெட்டியிருந்தாலும், வேறு பாகத்தோடு இணையாதவரை அறைகலன் பாகம் ஆகா. விளிம்பு உருட்டி, மெருகேற்றி, அந்த மேசையின் அளவுக்கே வெட்டிய கல்லானாலும், கால் இல்லாவிட்டால் அது 6802இல் சேரும் வேலைப்பாடு செய்த கல்தான். ஒரே கூட்டில் தோளோடு தோள் உரசி வந்த நாற்பது கல்லில் முப்பது மேசையாயிற்று, பத்து கல்லாகவே நின்றுவிட்டது. அவர் சொன்னது சட்டப்படி சரி. எனக்கு மறுத்துப் பேச இடமில்லை.

அறைகலன் போலத் தோன்றி அறைகலன் ஆகாதவை இன்னும் பல உண்டு. தையல் மெஷினுக்கென்றே செய்த மேசை, மெஷினோடு 8452இல். பில்லியர்ட்ஸ் மேசை 9504. சக்கர நாற்காலி 8713. மசாஜ் நாற்காலியில் சாய்ந்து தூங்கலாம் என்றாலும் அதை மசாஜ் கருவியாகக் கருதி 9019இல் வைப்பதே வழக்கம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளான பீரோவுக்கு வயதுச் சான்று இருந்தால் 9706. வண்டி இருக்கைகளில்தான் பெரிய குழப்பம். கார் சீட் 9401இல் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சீட்டையோ முதல் குறிப்பு விலக்கி 8714க்கு அனுப்புகிறது. இதனால் உள்நாட்டில் கார் சீட்டுக்கு 18 சதவீதமும் பைக் சீட்டுக்கு 28 சதவீதமும் ஜி.எஸ்.டி. இருந்து, 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கார் சீட்டையும் 28க்கு உயர்த்தி இரண்டையும் சமமாக்கியது. கார் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் இருக்கையின் பாகமா, வண்டியின் பாகமா என்ற கலால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அது வண்டியின் துணைப் பொருள், 8708இல் சேரும் என்று 2008இல் தீர்ப்பானது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பணத்துக்காகத்தான். 2018 பட்ஜெட்டில் 9401, 9403 ஆகியவற்றின் அடிப்படைச் சுங்க வரி 10இலிருந்து 20 சதவீதமாயிற்று. 2020இல் 25 ஆகி, 2025 பட்ஜெட் வரை அந்த அளவிலேயே இருந்தது. விமான இருக்கைக்கு அந்த உயர்வு கிடையாது. பக்கத்துத் தலைப்பான 9402ஐயும் அது தொடவில்லை. ஆகவே கட்டிலில் உயர்த்தித் தாழ்த்தும் பொறியமைப்பு உண்டா, அது மருத்துவமனைக் கட்டில்தானா என்பதை அதிகாரி குனிந்து பார்ப்பதில் வியப்பில்லை. 2011 முதல் சுயமதிப்பீடு வந்துவிட்டதால் வகைப்பாட்டைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. 'சப்ளையர் எழுதினார்' என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. குறைவாகக் கட்டிய வரியை இரண்டு ஆண்டுக்குள்ளும், உண்மையை மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டு வரையிலும் கேட்க அதிகாரம் இருக்கிறது. ஐயம் இருப்பவர்கள் சரக்கு ஏற்றும் முன்பே மும்பையிலோ டெல்லியிலோ உள்ள முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த வழியை நம் ஆட்கள் போதுமான அளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

ஆசியான் சலுகைக்கு வகைப்பாடு இன்னும் நெருக்கமானது. 35 சதவீத மதிப்பு அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதோடு, மூலப்பொருளின் ஆறு இலக்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. எண்ணே தவறானால் அந்தக் கணக்கு முழுவதும் தவறு.

எங்கள் சரக்கில் சோபா, நாற்காலி, கண்ணாடி ஆகியவற்றுக்குத் திருத்திய சான்றிதழ் மலேசியாவிலிருந்து வந்து சேர்ந்தபின் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தினோம். பத்துப் பலகைக்கு இறக்குமதியாளர் சலுகை கேட்காமல் முழு வரியும் கட்டிவிட்டார். கன்டெய்னர் அடைந்து கிடந்த நாட்களுக்கு வாடகை தனி. 2020இல் முகமறியா மதிப்பீடு வந்தபின், நம் சரக்கை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி திரையில்தான் பார்க்கிறார் என்பதால், அதே இறக்குமதியாளர் இப்போது ஆர்டர் கொடுக்கும்போதே பூட்டிய நிலையில் ஒரு படம், பிரித்த நிலையில் ஒரு படம், கால், பலகை, குஷன் எத்தனை என்ற எண்ணிக்கை மூன்றையும் எனக்கு அனுப்பிவிடுகிறார். கல் உடையும் என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. போன மாதச் சரக்கில் ஆறு பலகைகள் உபரி. அவற்றை 6802 என்று தனி வரியில், ஒவ்வொன்றின் நீளம், அகலம், கனத்தோடு நானே எழுதினேன்.